வாத்தியம் மட்டும் போதாது: புதுவை, கடலூர் மேடைகளில் புதிதாக வாசிக்க வருகிறவர்கள் எடுத்துவர வேண்டியவை

மெல்லிசைக் குழுவில் முதல் அழைப்பு வந்த கீபோர்டுகாரரும், புதுவையின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் கஃபே ஒன்றில் சனிக்கிழமை மாலை வாசிக்க ஒப்புக்கொண்ட கிட்டார்காரரும் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். வாத்தியத்தை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஸ்டாண்டு, வயர், பிளக் பாயின்ட் எல்லாம் அங்கே இருக்கும் என்று நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் அங்கே இருக்காது.

கோயில் கமிட்டியோ கல்யாண வீட்டாரோ மைக்செட்காரரிடம் பேசும்போது வாத்தியக்காரர் பக்கத்தில் இருப்பதில்லை. இத்தனை பாக்ஸ், இத்தனை மைக், ஒரு ஜெனரேட்டர் என்றுதான் பேச்சு முடிகிறது. அந்த வாடகைக்கு அவர் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், மிக்சர், மைக், மைக் ஸ்டாண்டு, மேடைவரை வரும் நீள வயர் ஆகியவற்றைக் கொண்டுவருவார். உங்கள் கீபோர்டுக்கு எந்த அடாப்டர், உங்கள் பேடுக்கு (குச்சியால் அடிக்கும் மின் டிரம்) எத்தனை லைன் (மிக்சருக்குப் போகும் இணைப்பு) என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

அதனால் ஒரு எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாத்தியத்திலிருந்து புறப்படும் வயரின் கடைசி முனைவரை எல்லாமே உங்கள் பொறுப்பு. அந்த முனை சொருகப்படும் இடத்திலிருந்து ஊர் காதுவரை சவுண்ட் சர்வீஸ்காரர் பொறுப்பு. கரண்டுக்கும் இதே கணக்கு: மேடையில் ஒரு பிளக் பாயின்ட் தருவது அவர்கள் வேலை, அங்கிருந்து உங்கள் அடாப்டர்வரை வயர் இழுப்பது உங்கள் வேலை. வாத்தியத்தின் சத்தத்தை நீள வயரில் இரைச்சலில்லாமல் மிக்சருக்கு அனுப்ப உதவும் சிறு பெட்டியான டிஐ பாக்ஸ் மட்டும் நடுவில் நிற்கும் பொருள். சிலர் வைத்திருப்பார்கள், சிலர் வைத்திருக்க மாட்டார்கள். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: ஒப்புக்கொள்ளும்போதே கேட்பது

தேதி, சம்பளம் பேசும் அதே போன் பேச்சில் இவற்றையும் கேட்டுவிடுங்கள். சவுண்ட் யாருடையது, அவர் நம்பர் கிடைக்குமா? மேடை எத்தனை அடிக்கு எத்தனை அடி? திறந்தவெளியா, பந்தலா, ஏசி ஹாலா? கரண்ட் ஈபி லைனா, ஜெனரேட்டரா? வண்டி மேடைவரை வருமா? எத்தனை மணிக்கு மேடை தயாராகும், எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும்?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களில் அரசு தரும் தளர்வு வேறு, அது எல்லா நாளுக்கும் கிடையாது. சாமி புறப்பாடு தாமதமாகி நிகழ்ச்சி எட்டரைக்குத் தொடங்கினால் உங்களுக்கு இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் வயர் தேட முடியாது.

பிறகு சவுண்ட் சர்வீஸ்காரருக்கு நீங்களே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம் அண்ணா. சனிக்கிழமை தேவனாம்பட்டினம் புரோகிராம்ல கீபோர்டு வாசிக்கிறேன். எனக்கு ரெண்டு லைன் வேணும். டிஐ பாக்ஸ் உங்ககிட்ட இருக்கா, நான் எடுத்துட்டு வரட்டுமா? ஸ்டேஜ்ல இடது பக்கம் நிக்கறேன், அங்க ஒரு பிளக் பாயின்ட் குடுத்துடுங்க. பக்கத்துல ஒரு மானிட்டர் வச்சா போதும். அஞ்சு மணிக்கு வந்துடறேன்."

மானிட்டர் என்பது வாசிக்கிறவர் கேட்பதற்காக மேடையில் அவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர். இந்தச் செய்தி வந்துவிட்டால் மேடையில் அவர் உங்களைத் தெரிந்தவராக நடத்துவார். குழுவில் ஒருவர் எல்லோருக்குமான லைன் பட்டியலைச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது. கீபோர்டு 2, பேடு 2, கிட்டார் 1, பேஸ் 1, தபலா 2, டோலக் 2, பாட்டு 3 என்று எழுதினாலே 13 லைன் ஆகிவிடும். அவர் 12 சேனல் மிக்சரோடு வருவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுவார். அப்போது கீபோர்டையும் பேடையும் மோனோவாக, அதாவது தலைக்கு ஒரே லைனாக, குறைத்துக்கொள்ளலாம். மேடை ஏறிய பிறகு இது தெரிந்தால் டோலக்கின் ஒரு மைக்கைத்தான் பிடுங்குவார்கள்.

இரண்டாம் படி: வாத்தியவாரியாக என்ன எடுப்பது

கீபோர்டு. ஸ்டாண்டு உங்களுடையது. மேசை கிடைக்கும் என்று நம்பிப் போனால் பந்தல்காரரின் ஆடும் மேசைதான் கிடைக்கும். அடாப்டர் உங்களுடையது, அதற்கு மாற்று ஒன்றும் இருந்தாக வேண்டும். அடாப்டரில் மூன்று விஷயம் பொருந்த வேண்டும்: வோல்ட், ஆம்பியர், முனையின் துருவம். கிட்டார் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட், நடுமுனை மைனஸ். சிறிய கீபோர்டுகளில் பல 12 வோல்ட், நடுமுனை பிளஸ். முனை இரண்டுக்கும் பொருந்துவதுபோல இருக்கும். மாற்றிச் சொருகினால் போர்டு புகைந்துவிடும். வாத்தியத்தின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் யாராவது "இந்த அடாப்டர் போட்டுப் பாருங்க" என்று நீட்டினால் அந்தப் படத்தோடு ஒப்பிடாமல் சொருகாதீர்கள். வோல்ட் சமமாகவும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். ஆம்பியர் குறைந்தால் வாத்தியம் ஆன் ஆகும், ஆனால் சத்தம் கூடும்போது தானாக அணைந்து அணைந்து வரும்.

ஒரு லைன்தான் கிடைக்கும் என்றால் 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில் சொருகுங்கள். வலப்பக்கத் துளையில் மட்டும் சொருகினால் ஸ்டீரியோ டோன்களில் பாதிதான் வெளியே போகும், பியானோ ஒல்லியாகக் கேட்கும். சஸ்டெய்ன் பெடலைக் காலால் மிதித்துக்கொண்டே கீபோர்டை ஆன் செய்தால் பல மாடல்களில் அது தலைகீழாக வேலை செய்யும்: விட்டால் பிடிக்கும், மிதித்தால் விடும். அணைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டு மீண்டும் ஆன் செய்தால் சரியாகிவிடும். அன்றைய பாடல்களுக்கான டோன், ஸ்டைல் பதிவுகளை யூஎஸ்பியில் ஒரு நகல் வைத்திருங்கள். ஜெனரேட்டர் மாற்றும் நொடியில் கரண்ட் போனால் சேமிக்காத பதிவு அழிந்துவிடும்.

பேடு. அடாப்டர் பற்றிச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். கூடவே ஸ்டாண்டு, இரண்டு ஜோடி குச்சி, கிக் பெடல் இணைப்பு வயர். கிக் பெடல் வழுக்கிக்கொண்டே போகும் என்பதால் அடியில் போட ஒரு ரப்பர் பாய் வேண்டும்.

கிட்டார், பேஸ். 6 மீட்டர் வயர் இரண்டு. ஒன்று வாசிக்க, ஒன்று மாற்றுக்கு. சாதாரணக் கிட்டார் வயரை அதைவிட நீளமாக இழுத்தால் சத்தம் மங்கும், இரைச்சல் ஏறும். தூரம் அதிகம் என்றால் உங்கள் பக்கத்திலேயே டிஐ பாக்ஸை வைத்து, அதிலிருந்து எக்ஸ்எல்ஆர் வயரில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் வயர்) கொண்டுபோக வேண்டும். கமிட்டி மேடைகளில் கிட்டார் ஆம்ப் எதிர்பார்க்காதீர்கள். டிஐ வழியே நேராக மிக்சருக்குப் போனாலும் கேட்கும்படி உங்கள் பெடலில் ஒரு ஸ்பீக்கர் சிமுலேஷன் (ஆம்ப் ஸ்பீக்கர் வழியே வருவதுபோல ஒலியை மாற்றும் வசதி) வைத்திருங்கள். அது இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக விட்டால் தகரத்தைச் சுரண்டுவதுபோல இருக்கும்.

பிக்கப் உள்ள அகூஸ்டிக் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருக்கும். வயர் சொருகியிருக்கும்வரை அந்த பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். சவுண்ட் செக் முடிந்ததும் வயரைப் பிடுங்கி வையுங்கள். மாற்று பேட்டரி ஒன்று, ஒரு முழு செட் கம்பி, கம்பி வெட்டும் கத்தரி, ட்யூனர், கேப்போ. இந்தக் கரையோரத்தில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதக் கணக்கில் மாற்றாத கம்பியோடு மேடை ஏற வேண்டாம்.

தபலா, டோலக், மிருதங்கம். மைக் சவுண்ட் சர்வீஸ்காரருடையது. வாத்தியத்தை நிற்க வைப்பதும் சுருதியில் நிறுத்துவதும் உங்களுடையது. தபலாவுக்கு அடி வளையம், சுத்தியல், பவுடர். மெல்லிசையில் பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும் என்பதால் ஒரே ஒரு தபலாவோடு வந்தால் பாதிப் பாடல்களில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிவரும். முதல் நாளே பாடகர்களிடம் பாட்டுப் பட்டியலையும் சுருதியையும் வாங்கி, அதற்கேற்ற தபலாக்களை மட்டும் எடுங்கள். மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கக் கல், புள், தொப்பிக்கு (இடது பக்கத்துக்கு) ஒரு கைப்பிடி ரவை, தண்ணீர், துடைக்கத் துணி. ஏசி ஹாலில் சேர்த்த சுருதி வெளியே வந்ததும் இறங்கும். கடற்காற்றின் ஈரம் தோலைத் தளர்த்திவிடும். வாசிக்கப்போகும் இடத்திலேயே அரை மணி நேரம் வாத்தியத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சேருங்கள். வரும் வழியில் சேர்த்துப் பயனில்லை.

வயலின், புல்லாங்குழல். வயலினுக்கு கிளிப் மைக் வைத்திருந்தால் அதற்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மிக்சரிலிருந்து மைக் வயர் வழியே வரும் கரண்ட்) தேவையா என்று பார்த்துச் செய்தியில் எழுதுங்கள். பழைய சிறிய மிக்சர்களில் அது இருக்காது. அப்படியானால் பேட்டரியில் ஓடும் பிக்கப்தான் வழி. தேவையான சுருதிக் கட்டைகளுக்கான புல்லாங்குழல்கள் அத்தனையும் ஒரே பையில் இருக்கட்டும். சுருதிப் பெட்டிக்குத் தனி அடாப்டர், தனி வயர்.

நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாலைந்து சீவாளி, விரல் கூடு, மாற்றுக் கழி இல்லாமல் அவர்கள் வீட்டை விட்டே இறங்குவதில்லை. அந்தப் பழக்கம்தான் மின்வாத்தியக்காரர்களுக்கும் வர வேண்டும்.

டிரம்ஸ். ஒரே மேடையில் பல குழுக்கள் வாசிக்கும் நாட்களில் டிரம் செட் பொதுவாக ஒன்றுதான் இருக்கும். பிரான்சில் 1982-இல் தொடங்கிய ஜூன் 21 இசைநாளைப் புதுவையிலும் கொண்டாடுகிறார்கள், அது அப்படிப்பட்ட நாள். செட் பொது என்றால் பெரிய டிரம்களும் ஸ்டாண்டுகளும் மட்டும் பொது. ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல், உட்காரும் ஸ்டூல், குச்சி மூன்று ஜோடி, டிரம் சாவி ஆகியவற்றை ஒவ்வொரு டிரம்மரும் கொண்டுவர வேண்டும். அடுத்தவர் சிம்பலில் கேட்காமல் அடிப்பது பெரிய மரியாதைக் குறைவு. உடைந்தால் அது ஒரு மாதச் சம்பளமாகக்கூட இருக்கலாம். கிக் டிரம் முன்னால் நகராமல் இருக்க 4க்கு 6 அடி கம்பளம் ஒன்று. கல்யாண மண்டபத்துப் பளிங்குத் தரையில் அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டிலும் செட் அரை அடி முன்னேறும்.

பாடகர்கள். சொந்த மைக் ஒன்று வாங்குங்கள், சாதாரண டைனமிக் மைக் போதும். உங்கள் குரல் அதில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், எல்லோர் வாயும் பட்ட மைக்கில் பாட வேண்டியதும் இல்லை. ஒயர்லெஸ் எடுத்தால் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ஜோடி புது செல். கூடவே வயர் மைக்கும் இருக்கட்டும். ஆடி மாதத்தில் பக்கத்துத் தெருவிலும் ஒரு மேடை இருக்கும், இரண்டு ஒயர்லெஸ்ஸும் ஒன்றோடொன்று மோதும்.

பாட்டு வரிகளை டேப்லெட்டிலோ நோட்டிலோ வைப்பவர்கள் நல்ல கிளிப் நாலு எடுத்து வாருங்கள். ஆடிக் காற்றில் பக்கம் நிற்காது. மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறையும் அதே காற்றுக்குத்தான். உறை இல்லாமல் கடலூர் சில்வர் பீச்சில் பாடினால் மைக்கில் காற்று இடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும்.

டிராக் போட்டுப் பாடுகிறவர்களுக்குத் தனியாக

இப்போது நிறைய நிகழ்ச்சிகள் மைனஸ் டிராக்கில்தான் (பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள பதிவு) நடக்கின்றன. அதிகம் குழப்பம் வருவதும் இங்கேதான். போனிலிருந்து வரும் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னை ஒரே எக்ஸ்எல்ஆர் முனைக்கு மாற்றும் வயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். அதை மைக் லைனில் சொருகினால் பேஸும் டிரம்ஸும் காணாமல்போய், எக்கோ மட்டும் தூரத்தில் கேட்கும். வயர் பழுது என்று நினைத்து ஆட்டிக்கொண்டிருப்பார்கள். பழுது இல்லை. மிக்சரின் மைக் உள்ளீடு இரண்டு கம்பிகளில் வருவதில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துக்கொள்ளும். ஸ்டீரியோவில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் சத்தங்கள் அந்தக் கழித்தலில் அழிந்துபோகும். சரியான வயர்: ஒரு பக்கம் 3.5 ஸ்டீரியோ பின், மறுபக்கம் இரண்டு தனித்தனி கால் அங்குல மோனோ ஜாக். மிக்சரில் இரண்டு சேனல். விலை அதிகமில்லை, இரண்டு வாங்கி வையுங்கள்.

போனில் 3.5 துளை இல்லை என்றால் டைப்-சி மாற்றி வேண்டும், அதற்கும் ஒரு மாற்று. புளூடூத்தில் அனுப்ப வேண்டாம். சத்தம் சற்றுத் தாமதமாக வரும், கூட்டத்தில் அறுந்தும் போகும். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் பாட்டின் நடுவில் அழைப்பு வந்து டிராக் நின்றுவிடும். எல்லா டிராக்கும் போனிலேயே இறங்கியிருக்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் நெட் கிடைக்காது. அதே டிராக்குகள் இன்னொருவர் போனிலும் யூஎஸ்பியிலும் இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒரு பெட்டி, எப்போதும் கட்டி வைத்தபடி

வாத்தியப் பையிலிருந்து தனியாக, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அதைப் பிரிக்கவே கூடாது. உள்ளே இருக்க வேண்டியவை: 6 மீட்டர் ஜாக் வயர் மூன்று, 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் வயர் ஒன்று, டிராக் வயர் இரண்டு, 5 மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, டிஐ பாக்ஸ், மாற்று அடாப்டர், 9 வோல்ட் பேட்டரி இரண்டு, பென்சில் செல் எட்டு, டெஸ்டர், சிறிய மல்டிமீட்டர், திருப்புளி, துணி டேப், இன்சுலேஷன் டேப், டார்ச், மார்க்கர் பேனா, பழைய பருத்தித் துணி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்று பின் உள்ளதாக, எர்த் கம்பி உண்மையிலேயே இணைத்ததாக இருக்க வேண்டும். வாங்கியதும் திறந்து பார்த்துவிடுங்கள். பந்தலில் சில இடங்களில் பிளக் இல்லாத வெறும் கம்பியைத் துளையில் விட்டுத் தீக்குச்சி செருகியிருப்பார்கள். அதிலிருந்து உங்கள் வாத்தியத்துக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். பெரிய பின், சின்ன பின் குழப்பத்துக்கு 16 ஆம்பியரிலிருந்து 6 ஆம்பியருக்கு மாற்றும் பிளக் ஒன்று போட்டு வையுங்கள்.

புதுவையில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெடலும் ஆம்பும் கைமாறிக் கிடைக்கும். வாங்கும்போது அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் முதல் நொடியிலேயே போய்விடும். உருண்டை இரண்டு பின் பிளக்கை மாட்ட நாம் போடும் மலிவு மாற்றிகளில் எர்த் அறுந்துபோகும் என்பதையும் கவனியுங்கள்.

வயர்களின் இரண்டு முனையிலும் உங்களுக்கென்று ஒரு நிறத்தில் டேப் சுற்றிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு, மேடை விளக்கை அணைத்த பிறகு, ஒரே மாதிரிக் கறுப்பு வயர்கள் முப்பது கிடக்கும்போது உங்களுடையதை அந்த நிறம்தான் காட்டும்.

நான்காம் படி: கொண்டுபோவது

கடலூரிலிருந்து புதுவைக்குச் சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனாலும் முள்ளோடை எல்லையையும் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியையும் தாண்டித்தான் போய்வர வேண்டும். மது கடத்தலைப் பிடிக்க வண்டிகளை நிறுத்திப் பார்ப்பார்கள், முக்கியமாக இரவில் திரும்பும்போது. கீபோர்டு கேஸும் ஸ்பீக்கரும் பெரிய பெட்டிகள், திறக்கச் சொல்வார்கள். கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டையாக இல்லாமல், ஜிப்பைத் திறந்தால் உள்ளே தெரிகிற மாதிரி அடுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள்.

ஒரு கீபோர்டும் ஒரு பெட்டியும் என்றால் பைக்கில் இருவராகப் போகலாம். குழு முழுவதும் என்றால் குட்டியானை ஒன்று பேசிவிடுவதே நல்லது. கனமான ஸ்பீக்கர், ஆம்ப் அடியிலும் முன்பக்கத்திலும், தோல் வாத்தியங்கள் மேலே, வயலின் யாராவது ஒருவர் மடியில். மூடிய காரில் வெயிலில் வயலினையோ கிட்டாரையோ விட்டுப்போகாதீர்கள். பசை இளகி, பாலம் சாய்ந்துவிடும்.

புதுவைக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிக்கு அனுமதியில்லை. அங்கே மேடை என்றால் ஐந்து மணிக்குள் சாமான் இறங்கியிருக்க வேண்டும். தவறினால் பக்கத்துத் தெருவில் நிறுத்திக் கையில்தான் தூக்கிவர வேண்டும். ஒயிட் டவுன் தெருக்கள் குறுகல், ஒருவழி அதிகம், வார இறுதியில் நிறுத்த இடம் கிடைக்காது. சாமான் இறக்க ஒருவர், வண்டியை எடுத்துப்போய் நிறுத்த ஒருவர் என்று இருவராகப் போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர்வரை தார்ப்பாய் இல்லாமல் கிளம்ப வேண்டாம். 6க்கு 8 அடி ஒன்று இருந்தால் தூறல் விழுந்ததும் கீபோர்டையும் மிக்சரையும் அப்படியே மூடிவிடலாம். மழை வந்தால் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஐந்தாம் படி: மேடையில்

தொடங்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே இருங்கள். முதல் வேலை சொருகுவது இல்லை, கரண்ட் பார்ப்பது. மல்டிமீட்டரில் 210-லிருந்து 245-க்குள் இருந்தால் சரி. 250-ஐத் தாண்டினால் எதையும் சொருகாதீர்கள். ஜெனரேட்டர் என்றால் அது ஓடத் தொடங்கி, சீரியல் செட்டும் விளக்குகளும் போட்ட பிறகு பாருங்கள். விளக்குகளை ஒரேயடியாக அணைக்கும்போது வோல்ட் தாவும். மேடை வாத்தியங்களுக்கு விளக்கு போகாத தனி லைன் கேளுங்கள், டிம்மர் விளக்கால் வரும் இரைச்சலும் அதோடு போய்விடும். கீபோர்டுக்கும் லேப்டாப்புக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொண்டால் ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் நொடிகளில் அணையாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைத்தால் சுள்ளென்று அடிக்கிறது என்றால் எங்கோ எர்த் இல்லை, அல்லது ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது. பாடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. எல்லாம் ஆன் ஆனதும் டெஸ்டரை மைக்கின் கம்பி வலையிலும் கிட்டார் கம்பியிலும் வைத்துப் பாருங்கள். டெஸ்டர் எரிந்தால், மங்கலாக எரிந்தாலும், சரிசெய்யும்வரை தொடாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்பார்கள். ஈர மணலிலும் மழை நனைத்த பலகையிலும் அது காப்பாற்றாது. மேடைக்கும் மிக்சருக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒழுங்கான எர்த்தோடு லைன் தரச்சொல்லுங்கள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், இதில் நிகழ்ச்சி தாமதமானால் ஆகட்டும்.

'உம்ம்' என்று ஓயாத இரைச்சல் வந்தால் பலர் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். இரைச்சல் நின்றுவிடும், ஆனால் உங்களைக் காத்துக்கொண்டிருந்ததும் அந்தப் பின்தான். டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்ற சிறு சுவிட்ச் இருக்கும், அதைத் தள்ளிப் பாருங்கள். அது சத்த லைனின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது.

சொருகும் வரிசை: வயர் எல்லாம் இணைத்து, வாத்தியத்தின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, சவுண்ட் அண்ணனைப் பார்த்துக் கை காட்டிய பிறகு அவர் சேனலைத் திறப்பார். அணைக்கும்போது தலைகீழ். அவரிடம் சொல்லாமல் ஜாக்கைப் பிடுங்கினால் பாக்ஸில் 'டப்' என்று வெடிக்கும். ஸ்பீக்கரின் ட்வீட்டர் அதில் போனால் செலவு அவருக்கு.

சவுண்ட் செக்கில் நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் உச்ச சத்தத்தில் வாசியுங்கள். மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டு மேடையில் ஓங்கி அடித்தால் அவர் அடுத்த அரை மணி நேரம் உங்களை இறக்கிக்கொண்டே இருப்பார். மானிட்டரில் முதலில் பாடகர் குரலும் சுருதியும், பிறகுதான் உங்கள் வாத்தியம். எல்லோரும் "எனக்குக் கூட்டுங்க" என்று கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் மைக் கத்தும். நடக்கும் வழியில் குறுக்கே போகும் வயர்களைத் துணி டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். மேடை ஏறி மாலை போட வருகிறவர்கள் கீழே பார்ப்பதில்லை.

சவுண்டும் நீங்களே என்றால்

கஃபேக்களிலும் சிறு ஹோட்டல்களிலும் பல நேரம் ஒன்றுமே இருக்காது, அல்லது பாட்டுப் போடும் சுவர் ஸ்பீக்கர் மட்டும் இருக்கும். அதில் வாத்தியத்தை ஓட்ட வேண்டாம், அது அதற்குச் செய்ததில்லை. முப்பது, நாற்பது பேர் உட்காரும் இடத்துக்கு ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே உள்ள 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, ஸ்டாண்டு இரண்டு, 8 சேனல் மிக்சர், மைக் இரண்டு, மைக் ஸ்டாண்டு இரண்டு, 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் வயர் நாலு போதும். ஸ்பீக்கரைத் தலை உயரத்துக்கு ஏற்றி, மைக்குக்கு முன்னால், கேட்பவர்களை நோக்கி வையுங்கள். மைக்குக்குப் பின்னால் வைத்தால் கத்தும். பழைய பிரெஞ்சுக் கட்டடங்களின் சுண்ணாம்புச் சுவரும் உயரக் கூரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். வால்யூமைக் கூட்டினால் தெளிவு குறையுமே தவிர கூடாது. ரீவெர்பை மிக்சரில் அணைத்துவிடுங்கள், அந்த அறையே தேவையான அளவு தரும்.

இதற்கான பணத்தை முன்பே தனியாகப் பேசுங்கள். "வாசிக்க இவ்வளவு, சவுண்ட் செட் கொண்டுவந்தால் கூடுதலாக இவ்வளவு" என்று சொல்வதில் தவறில்லை. ஸ்பீக்கர் வைத்திருப்பவர் ஒருவரே ஒவ்வொரு முறையும் சுமந்து, வண்டிக் கூலியும் கொடுத்து, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கு வாங்கினால் அந்தக் குழு நாலு மாதம் நிற்காது. வண்டிச் செலவைப் பங்கிடும் முன் கழித்துவிடுங்கள், செட்டுக்கு ஒரு பங்கு எடுத்து வையுங்கள். பழுது பார்க்க அதுதான் உதவும்.

கிளம்பும்போதும் மறுநாளும்

பெட்டியின் மூடியின் உள்பக்கம் பொருள் பட்டியலை ஒட்டி வைத்து, எண்ணிக்கொண்டே உள்ளே போடுங்கள். அதிகம் விட்டுப்போவது அடாப்டர். பிளக் பாயின்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதன்பின் சஸ்டெய்ன் பெடல், மைக் கிளிப். வயரைக் கையில் முழங்கையில் சுற்றி முறுக்காதீர்கள். ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கீழாக மடக்கினால் அடுத்த முறை சிக்கில்லாமல் விரியும், உள்ளே கம்பியும் முறியாது.

கடற்கரை நிகழ்ச்சி முடிந்த இரவு எவ்வளவு அசதியானாலும் கம்பிகளையும் மைக் வலையையும் காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டுப் படுங்கள். உப்பு ஒரே இரவில் வேலையைத் தொடங்கிவிடும். மறுநாள் கேஸ்களைத் திறந்து நிழலில் இரண்டு மணி நேரம் காற்றாட வையுங்கள். ஜாக் முனைகள் மங்கியிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தொட்டால் கரகரக்கும் வயரை ஒதுக்கி வைத்து, முனையைத் திறந்து ஈயத்தால் பற்றவையுங்கள். சரியானதும் பச்சை டேப், சரியாகவில்லை என்றால் குப்பைக்கூடை. பாதி பழுதான வயரை "அவசரத்துக்கு ஆகும்" என்று பெட்டியில் திரும்பப் போட்டுவிடாதீர்கள். இருட்டில் கைக்கு முதலில் அகப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.